ராமர் பச்சை டயர்

டயர் விஷயத்தில் எனக்கு எவனும் பாடம் எடுக்க முடியாது என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கள்ளக்குறிச்சியில் ரீட்ரெடிங் கடை வைத்திருக்கிறேன். லாரி டயர், டிராக்டர் டயர், கரும்பு ஏற்றுகிற டிரெய்லர் டயர் எல்லாம் மொட்டையாக வரும். நான் புது ரப்பர் ஒட்டி, ரோட்டைப் பிடிக்கிற பட்டன் வைத்து அனுப்புவேன். ஒரு டயரைக் கையால் தடவிப் பார்த்தே அந்த வண்டி எப்படி ஓடியது, அச்சு கோணலா, காற்று கம்மியா, டிரைவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவேன். சொல்வதோடு நிற்க மாட்டேன். அந்த டிரைவரைக் கூப்பிட்டு நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டும் விடுவேன். என் வாய் அப்படி. இப்படிப்பட்ட என்னை, பதினெட்டு வருஷமாக ஒரே வீட்டில் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருத்தி, துணியில் கோடு போடுகிற சாக்கை வைத்துக்கொண்டு மூக்கறுத்தாள். அவள் என் வீட்டுக்காரி.

வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைக்கிறவள். அது இந்தத் தெருவுக்குத் தெரிந்த விஷயம். தெருவுக்குத் தெரியாதது, கல்யாணத்துக்கு முன்னால் அவள் சைக்கிள் பந்தயக்காரி. விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்து, வட்டத் தளத்தில் ஓட்டுகிற பந்தயங்களுக்கு ஊர் ஊராகப் போய்வந்தவள். பெண் பார்க்கப் போன அன்று எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு அப்புறமும் சைக்கிள் ஓட்டலாமா? தாராளமாக ஓட்டு என்றேன். கல்யாணமாகி மூன்றாவது வாரம் என் அம்மா ஒரு பிடி பிடித்தார். வீட்டுக்கு வந்த மருமகள் கால்சட்டை போட்டுக்கொண்டு ரோட்டில் சுற்றினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று. நான் அந்த நேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் ரசம் ஊற்றச் சொன்னேன். அத்தோடு அவள் சைக்கிள் முடிந்தது.

அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மகள் ப்ளஸ் டூ படிக்க ஹாஸ்டலுக்குப் போன வருஷம், ஒரு கல்யாணத்துக்காகத் திருக்கோவிலூர் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏற நடந்துவருகிறோம், கடைத்தெருவில் ஒரு பழைய சைக்கிள் கடை வாசலில் இவள் சட்டென்று நின்றுவிட்டாள். அங்கே ஒல்லியாக ஒரு சைக்கிள் சாய்ந்துகிடந்தது. மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பட்டுப்புடவையோடு குனிந்து பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாள். சக்கரமும் பின்பக்கமாகச் சுற்றியது. அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. எங்கள் மகள் பிறந்து கையில் கொடுத்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் அன்றைக்குத்தான். சைக்கிளை அன்றே வாங்கி பஸ் மேலே போட்டுக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பேர் ஃபிக்ஸட் கியர். நமக்குத் தெரிந்த சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் பாட்டுக்கு ஓடும், கால் சும்மா இருக்கும். இதில் அந்தச் சுகம் கிடையாது. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும், காலும் சுற்றியே ஆகவேண்டும். நிறுத்தவேண்டும் என்றால் காலால் பெடலை இறுக்கிப் பிடித்து, பின்சக்கரத்தை அப்படியே பூட்டி, சர்ரென்று தேய்த்து நிறுத்தவேண்டும். இது என்ன வண்டி, ஆளைக் கொல்கிற வண்டி என்று நான் குதித்தேன். "தையல் மிஷினும் இதாங்க," என்றாள். "கால் நின்னாத்தான் சக்கரம் நிக்கும். பதினெட்டு வருஷமா நான் ஒக்காந்த எடத்துலயே ஓட்டிக்கினுதான் இருக்குறேன்." முன்சக்கரத்துக்காவது ஒரு பிரேக் போட்டுத்தான் தெருவில் இறக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்று போட்டேன். அதை அவள் அவசரத்துக்கு மட்டும்தான் தொட்டாள்.

விடிந்ததும் கிளம்பி சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவருவாள். தானே தைத்த முழுக்கால் சட்டை, மேலே தளர்வாக ஒரு டாப். முதல் வாரம் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. இரண்டாவது வாரம் அதில் பாதிப்பேர் பார்ப்பதை விட்டார்கள். மூன்றாவது வாரம் எதிர்வீட்டு அம்மா, இந்தக் கால்சட்டை எனக்கும் ஒன்று தைத்துக் கொடேன், நடைப்பயிற்சிக்கு வசதியாக இருக்கும் என்று அளவு கொடுத்துவிட்டுப் போனார். இதற்குத்தான் அன்றைக்கு அம்மா அவ்வளவு பேசினாரா, நான் அவ்வளவு மௌனமாக இருந்தேனா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒருநாள் காலையில் சொன்னாள், கரியாலூர் வரைக்கும் மிதித்துப் போய்விட்டுவர வேண்டும் என்று. கல்வராயன் மலைமேல். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விடுதியில் இருந்த காலத்தில் பெண்களை எல்லாம் சைக்கிளிலேயே மலையேறக் கரியாலூர் கூட்டிப்போவதாக ஏற்பாடு ஆனதாம். ஆறு மாதம் அதற்காகவே மிதித்தாளாம். போகிற தேதியும் எங்கள் முகூர்த்தத் தேதியும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. மற்றவர்கள் எல்லாம் மலைமேல் இருந்த அன்றைக்கு அவள் கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். இதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை, துணி அளவு சொல்வது மாதிரி சொன்னாள். சரி, போகலாம், வண்டிக்கு நல்ல டயர் நான் போட்டுத் தருகிறேன் என்றேன். அன்றைக்கு வாயைத் திறக்காததற்கு இந்த டயரையாவது சரியாகச் செய்துவிடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

இங்கேதான் முதல் சண்டை. அவளுக்குக் கலர் டயர் வேண்டும். அதுவும் சும்மா பச்சை இல்லை, ராமர் பச்சை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனபோது கைப்பையிலிருந்து ஒரு துணித் துண்டை மடித்தபடியே எடுத்து நீட்டினாள். பிளவுஸுக்கு மேட்சிங் எடுக்கிறவர்கள் பிட்டுத் துணியோடு அலைவார்களே, அதே மாதிரி. சைக்கிள் கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். கிளிப்பச்சை டயர் ஒன்றை எடுத்துவந்தார். இது கிளிப்பச்சை என்றாள். இன்னொன்றைக் காட்டினார். டியூப்லைட்டில் சரியாகத்தான் இருந்தது. வெயிலில் காட்டுங்க என்று டயரைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய், துணியை அதன்மேல் வைத்துப் பார்த்து, இது பாசிப்பச்சை என்று திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் அவர் சென்னைக்குச் சொல்லி, ஒரு வாரத்தில் வரவழைத்துக் கொடுத்தார். அந்த ஒரு வாரமும் நான் வீட்டில் சும்மா இருந்தேனா? ரப்பர் பிறக்கும்போதே கருப்பு இல்லை, அதில் கார்பன் பொடியைக் கலக்கிறார்கள், அந்தப் பொடிதான் வலு, கலர் டயரில் அது கிடையாது, வெயிலில் காயும், ரோட்டில் கரையும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டு ஹெம்மிங் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் டயரில் நூல் தெரிந்தது. பின் டயரில், ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் சுத்தமாக வழித்து எடுத்த மாதிரி. மற்ற இடமெல்லாம் புதுசு போலவே இருந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பார்த்தியா, நான் சொன்னேனா இல்லையா என்று ஆடித் தீர்த்துவிட்டு, நானே போய்க் கருப்பு டயர் வாங்கிவந்து மாட்டினேன். முன்பக்கம் பச்சை, பின்பக்கம் கருப்பு. அவள் அதைப் பார்த்துவிட்டு, ஒரு கை மட்டும் வேற துணியில தைச்ச பிளவுஸ் மாதிரி இருக்குது என்று சொன்னதோடு சரி.

அந்தக் கருப்பு டயர் ஐந்து வாரம் ஓடியது. ஆறாவது வாரம் அதிலும் நூல் தெரிந்தது. அதிலும் ஒரே ஒரு இடம். அதே உள்ளங்கை அகலம்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு யோசித்திருக்க வேண்டும். ஆனால் என் தொழில் புத்தி என்னை யோசிக்க விடவில்லை. என் கடைக்கு லாரி டயர் ஒரே இடத்தில் தேய்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டிரைவர் எதையோ பார்த்துப் பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறான், சக்கரம் பூட்டிக்கொண்டு அப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இது ஆயிரம் டயரில் பார்த்த விஷயம். அதையே இவளிடமும் சொன்னேன். எங்கேயோ லாரிக்கு முன்னால் பயந்துபோய் ஓங்கி நிறுத்தியிருக்கிறாய், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, என்னிடம் மறைக்கிறாய் என்று. அவள் அப்படியெல்லாம் இல்லை என்றாள். நான் விடவில்லை. பயமாக இருந்தால் சொல்லிவிடு, மலைக்கெல்லாம் போகவேண்டாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றேன்.

அவள் எழுந்து மெஷினில் போய் உட்கார்ந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு வரும், டீ வரும், பேச்சு வராது. காலையில் சைக்கிளை எடுக்கவும் இல்லை. இவள் மறுபடியும் சைக்கிளை விட்டுவிட்டால்? முதல் தடவை என் மௌனத்தால் விட்டாள். இந்தத் தடவை என் வாயால் விட்டாள் என்று ஆகிவிடுமே. கடையில் உட்கார்ந்து மொட்டை டயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வேலை ஓடவில்லை.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்னாங்க, இங்க வாங்க என்று வாசலிலிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் பின் டயரின் ஓரத்தில் சுற்றிலும் மஞ்சள் சாக்கால் கோடு போட்டு, கடிகாரம் மாதிரி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதிவைத்திருந்தாள். நான் தெருமுனை வரைக்கும் போய் வருவேன், வரும்போது காலால் நிறுத்துவேன், நிறுத்தும்போது எந்த நம்பர் தரையில் தேய்கிறது என்று குனிந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். நான் தெருவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அம்மா கோலத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார்.

முதல் தடவை ஏழு. இரண்டாவது தடவை ஏழு. மூன்றாவது தடவை வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அப்போதும் ஏழு. வேகமாக வந்து நிறுத்தினாள், மெதுவாக வந்து நிறுத்தினாள், பெட்டிக்கடை பக்கத்தில் நிறுத்தினாள், கரண்ட் கம்பத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். ஏழு, ஏழு, ஏழு. நூல் தெரிந்த இடமும் சரியாக ஏழில்தான் இருந்தது. பேய் பிடித்த சக்கரமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்றால் நம்புங்கள். எப்பவும் இடது கால் முன்னால் இருக்கும்போதுதான் இறுக்குவாளாம், இப்போது வலது காலை முன்னால் வைத்து நிறுத்துகிறேன் பாருங்கள் என்றாள். வந்து நின்றாள். ஒன்று. நேர் எதிர்ப்பக்கம்.

அப்புறம் சைக்கிளைப் படுக்கவைத்து, பற்களை எண்ணிக் காட்டினாள். முன்னால் பெடல் பக்கத்துச் சக்கரத்தில் நாற்பத்தெட்டுப் பல். பின்னால் சின்னச் சக்கரத்தில் பதினாறு.

"பதினாறு மூணு நாப்பத்தெட்டு," என்றாள். "நான் ஒரு சுத்து மிதிச்சா பின்சக்கரம் கரெக்டா மூணு சுத்து சுத்துது. மிச்சம் இல்ல. அதனால என் கால் எப்ப அதே எடத்துக்கு வந்தாலும் டயரும் அதே எடத்துக்கு வந்து நிக்குது. பூப்போட்ட துணியில கணக்கா வெட்டுனா ஒவ்வொரு பிளவுஸுக்கும் முதுகுல அதே பூ வந்து ஒக்காருமே, அந்த மாதிரி. பச்சையா இருந்தா இன்னா, கருப்பா இருந்தா இன்னா? அந்த ஒரு எடம்தான் பாவம் எல்லா அடியும் வாங்கிக்கினு இருக்குது."

நான் தெருவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷ டயர் அனுபவம், ஆயிரம் டயர், டிரைவர்களை நிற்க வைத்துத் திட்டிய வாய், எல்லாம் அந்த மஞ்சள் ஏழுக்கு முன்னால் காற்றுப் போய்விட்டது. அவளோ சாக்கைத் தட்டிவிட்டு, பின்னால் மிச்சம் வருகிற மாதிரி வேறு பல்சக்கரம் போட்டால் போதும், பத்தொன்பது பல் போட்டால் மலையேறவும் லேசாக இருக்கும், தேய்மானமும் டயர் முழுக்கப் பரவிவிடும் என்றாள். மூன்று நாளாகப் பேசாமல் இதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கோபம் என்று நினைத்தேன். கோபமும் இருந்ததாம். கோபம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எதிர்வீட்டு அம்மா நின்றதால் சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தேன்.

பத்தொன்பது பல் சக்கரம் கள்ளக்குறிச்சியில் கிடைக்கவில்லை. போனில் தேடி வரவழைத்தோம். செயினில் கண்ணி சேர்த்து நானே மாட்டினேன். டயர் மறுபடியும் ராமர் பச்சைதான், அதில் நான் இனி வாய் திறக்கிற நிலைமையில் இல்லை. ஆனால் ஒன்று சொன்னேன். பச்சையைவிடக் கருப்பு அதிக நாள் தாங்கியது உண்மை, அதனால் பச்சையிலேயே கெட்டியானதாகப் பார்ப்போம் என்று. அதில் ஒத்துப்போனாள். இந்த வகை வண்டிக்கென்றே தடித்த ரப்பர் வைத்து, முள் ஏறாமல் உள்ளே ஒரு துணிப் படலம் கொடுத்துச் செய்கிறார்கள். அப்படி மூன்று டயர் வரவழைத்து, பிடிக்காத இரண்டை ஒதுக்கினோம்.

அந்த டயர்களைச் சோதித்த சாயங்காலம் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல சாயங்காலம் என்று சொல்வேன். முன்னறையில் அவள் வெட்டு மேஜைமேல் மூன்று டயரையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நான் என் வித்தையைக் காட்டினேன். கட்டை விரல் நகத்தை அழுத்தி, பள்ளம் எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்று பார்த்தேன். மடித்துப் பிடித்து, மடிப்பில் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். மட்டமான ரப்பர் பொம்மைக் கடை மாதிரி நாறும். ஓரத்தில் பிளேடால் துளி கீறி, பச்சை உள்வரைக்கும் இருக்கிறதா, மேலே பூசியதா என்று பார்த்தேன். அவள் தன் வித்தையைக் காட்டினாள். வெள்ளைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து டயரை அழுத்தித் தேய்த்தாள், சாயம் போகிறதா என்று. ஒரு டயர் அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டது, துணியெல்லாம் பச்சை. டயருக்குச் சாயம் பார்க்கிற ஆளை நான் என் தொழிலில் பார்த்ததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், சாயம் நிற்காத ரப்பர் மழையிலும் வெயிலிலும் எப்படி நிற்கும்? கடைசியில் ஒன்று மிஞ்சியது. கைப்பையிலிருந்து அந்தத் துணித் துண்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரே நிறம். இதாங்க என்றாள். எனக்கும் நகம் சொன்னது அதே டயர்தான்.

இரண்டு மாதம் சின்னசேலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். தேய்மானம் டயர் முழுக்கச் சீராக இருந்தது. தினமும் கடைக்குப் போகுமுன் நான் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போவேன்.

தை முடிந்து பனி குறைந்ததும் கிளம்பினோம். அவள் சைக்கிளில், நான் பின்னால் என் எக்ஸெல் மொபெட்டில். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கருப்பு சைக்கிள் டயரைச் சுருட்டி முன்னால் கட்டியிருந்தேன். அவள் பார்த்துவிட்டு, நம்பிக்க இல்லியா என்று சிரித்தாள். கச்சிராயப்பாளையம் தாண்டும் வரை வெயில் ஏறவில்லை. அதற்கப்புறம் மலை ஆரம்பம்.

நான் பார்த்ததைச் சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்பீர்கள். இருக்கட்டும், பீற்றிக்கொள்கிறேன். ஏற்றத்தில் என் எக்ஸெல்லே முக்கிக்கொண்டு வந்தது. அவள் சீட்டை விட்டு எழுந்து நின்று, ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு மொத்தத்தையும் ஒரு காலில் இறக்கி, மறுகாலுக்கு மாற்றி, ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோணல்மாணலாக வளைத்து வளைத்து ஏறினாள். இரண்டு வளைவில் முடியவில்லை, இறங்கித் தள்ளினாள். தள்ளும்போதும் முகத்தில் சுருக்கம் இல்லை, மெஷினில் நூல் அறுந்தால் கோர்த்துக்கொள்வது போலத் தள்ளிவிட்டு மறுபடியும் ஏறிக்கொண்டாள். மேலே ஒரு திருப்பத்தில் சாமை காயப்போட்டிருந்த மலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அந்தாளு வண்டியில கயிறு கட்டி இழுத்துக்கினு போலாமே என்று ஒருத்தி என்னைக் காட்டிச் சொன்னாள். இவள் மூச்சு வாங்கிக்கொண்டே, அது என்னை இழுக்காது, நான்தான் அதை இழுக்கணும் என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் ஹாரன் அடித்தேன்.

கரியாலூரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு டீ குடித்து, இரண்டு வடை தின்றாள். பதினெட்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்தவள் அழுவாள், ஏதாவது பேசுவாள் என்று நான் தயாராக இருந்தேன். போலாமா, இருட்டறதுக்குள்ள யூனிபாரம் நாலு முடிக்கணும் என்றாள்.

இறக்கம்தான் இந்த வண்டியில் பயங்கரம். சக்கரம் பறக்கும், காலும் கூடவே பறக்கவேண்டும். முன்பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, காலால் இறுக்கி இறுக்கி, அவள் அதை அடக்கிக்கொண்டே போனாள். நான் அவள் பின் டயரைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். அதனால்தான் என் டயரைப் பார்க்கவில்லை. நாலாவது வளைவில் படார் என்றது. எக்ஸெல் ஆட்டம் போட்டு, மண்ணில் இறங்கி, என்னைப் புல்லில் தள்ளிவிட்டுப் படுத்தது. அடி ஒன்றும் பலமில்லை. எழுந்து பின் டயரைப் பார்த்தேன். மொட்டை. ஒரு பட்டன் கிடையாது. கள்ளக்குறிச்சியில் பாதி லாரிக்கு டயர் யோக்கியதை சொல்கிறவன் வண்டி அது. அவள் சைக்கிளுக்கு ஸ்டெப்னி கட்டிக்கொண்டு வந்தவன், என் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. போனில் டவர் இல்லை. அவள் வளைவு திரும்பிப் போய்விட்டாள்.

வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தேன், முடியவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்தேன். ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கீழே இரண்டு வளைவு தள்ளி, மரங்களுக்கு நடுவில் பச்சையாக ஏதோ அசைந்தது. இலை என்று நினைத்தேன். அது ஏறிவந்தது. அவள்தான். சீட்டை விட்டு எழுந்து நின்று, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வளைத்து வளைத்து, இறங்கி முடித்த மலையில் மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. நின்றேன்.

வந்து சைக்கிளைப் போட்டாள். முதலில் என் கை காலைப் பிடித்துப் பார்த்தாள். அடிவாரம் வரை போய் நின்று, எக்ஸெல் சத்தம் வராததால் திரும்பினாளாம். அப்புறம் என் பின் டயரைப் பார்த்தாள். நான் லாரி டயரைத் தடவுவது மாதிரி உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். இடுப்பில் சொருகியிருந்த துணியை எடுத்து உதறி, முகத்தைத் துடைத்தாள். மேட்சிங் பார்த்த அதே துணி. அன்றைக்குத்தான் அதை விரித்துப் பார்க்கிறேன். பிளவுஸ் பிட்டு இல்லை. பனியன் துணி. நடுவில் வெள்ளையாக ஒரு நம்பரின் பாதி. ஓரமெல்லாம் பழைய டயர்க் கருப்பு, எத்தனை துவைத்தும் போகாத கருப்பு.

இது என்ன துணி என்று கேட்டேன்.

"என் பந்தய பனியன்ங்க," என்றாள். "கல்யாணம் ஆன புதுசுல கடைக்கு வேஸ்ட் துணின்னு அள்ளிக்கினு போனீங்களே. டயர் தொடைச்சிப் போட்டிருந்தீங்க. சோறு எடுத்துக்கினு வந்தப்ப பாத்தேன். இந்த ஒரு பக்கம்தான் மிச்சம் இருந்துது."

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. வீட்டில் கிடக்கிற பழந்துணியை வாரம் ஒருமுறை அள்ளிக்கொண்டு போவேன், என் பனியன், அம்மா புடவை, எதையும் பார்ப்பதில்லை. இதையும் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷமாக அவள் அதை வைத்திருந்திருக்கிறாள், ஒரு தடவைகூட என் முகத்தில் எறியவில்லை. அன்றைக்கு அம்மா பேசியபோது நான் வாயைத் திறந்திருக்கணும் என்றேன். நல்லா தெரியும் எனக்கு, தப்பு என்னுதுதான், ரசம் கேட்டிருக்கக் கூடாது என்றேன். அழுகை வந்துவிட்டது. ரோட்டில் நின்று அழுதேன், யார் பார்த்தால் என்ன.

நான் ரசத்தைச் சொன்னதும் அவள் உதடு துடித்தது, அவ்வளவுதான். எங்க விடுதியில ஒருத்தியும் மலைய ரெண்டு தடவ ஏறலிங்க, நான் ஏறிட்டேன் என்றாள். கச்சிராயப்பாளையம் போய்ப் பஞ்சர்காரரை வண்டியோடு அனுப்புகிறேன், இங்கேயே இருங்கள் என்று சைக்கிளை நிமிர்த்தினாள். கிளம்புமுன் என் கையைப் பார்த்தாள். எக்ஸெல்லைத் தள்ளியதில் இரண்டு கையும் ஒரே கருப்பு. அந்தத் துணியை என் பக்கம் நீட்டினாள். "இந்தாங்க, கை தொடைச்சிக்குங்க."

வாங்கிக்கொண்டேன். இரண்டு விரல் நுனியால், பச்சையில் கறை படாமல் பிடித்துக்கொண்டேன். கையை என் வெள்ளைச் சட்டையில் துடைத்தேன். மார்பில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை, அழுத்தித் துடைத்தேன்.

"அதையும் நான்தான துவைக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

வளைவுக்கு வளைவு அந்தப் பச்சை தெரிந்து மறைந்தது. பஞ்சர்காரர் வந்து சேர்கிறவரை அந்தத் துணியைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.